நாற்பது மில்லிமீட்டர்



சில ஆசைகள் பாவமும் அல்ல, தேவையும் அல்ல. என் காரைத் தாழ்த்த வேண்டும் என்று எனக்கிருந்த ஆசை அத்தகையது. பழைய வண்டியாக வாங்கிய 2014ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் அது. அதன் சக்கரத்துக்கும் மேலுள்ள வளைவுக்கும் இடையே கை நுழையும் அளவுக்கு இருந்த வெளி என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. வளைவுகளில் வண்டி ஒருபுறம் சாய்வதும் பிடிக்கவில்லை. தாழ்த்தினால் எடை மையம் கீழிறங்கும், சாய்வு குறையும், பார்வைக்கும் அழகாயிருக்கும். இவற்றில் எதுவும் பொய்யல்ல.

2023ஆம் ஆண்டின் இறுதியில் இருபதாயிரம் ரூபாய் சேர்த்துக்கொண்டு, பாகங்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினேன். வழிகள் மூன்று இருந்தன. இருக்கும் ஸ்பிரிங்கையே வெட்டுவது முதல் வழி. செலவு மிகக் குறைவு, ஆபத்தோ மிக அதிகம். வெட்டிய முனை தன் இருக்கையில் சரியாகப் பொருந்தாது. சக்கரம் முழுதாகக் கீழிறங்கும்போது ஸ்பிரிங் இடம் பெயரக்கூடும். உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய காயில் ஓவர் இரண்டாவது. அது என் கைக்கு எட்டாத விலை. நாற்பது மில்லிமீட்டர் குட்டையான ஸ்பிரிங்குகள் மூன்றாவது. என் மனம் அதில்தான் நின்றது.

மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டு வண்டிகளை நெடுநாளாகப் பார்த்துவரும் மெக்கானிக் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, இந்த வண்டியில பின்னால யாரு உக்காருதா?"

உம்மா. மூட்டுவலிக்காரர். இருக்கையிலிருந்து எழும்போது கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றுதான் அடியெடுத்து வைப்பார். "அப்படின்னா அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க" என்றார் அண்ணாச்சி. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், என் மகிழ்ச்சிக்காகச் சரி என்றே உம்மா சொல்லியிருப்பார்.

டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்தப் பெருமழை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தாமிரபரணி கரைமீறி நெல்லைச் சந்திப்பு வரை நீர் நின்றது. கீழ்ப்பகுதிச் சாலைகள் பல இடங்களில் அறுந்து போயின. சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியில் என்னோடு படித்த தோழனின் குடும்பம் காயலில் இருந்தது. வழி திறந்ததும் அரிசி, குடிநீர்க் கேன்கள், போர்வைகள் ஆகியவற்றை டிக்கி நிறைய ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். தோழனின் தாயாரைப் பார்க்க வேண்டுமென்று உம்மாவும் உடன் வந்தார்.

சுமையால் வண்டியின் பின்பகுதி நன்றாக அமிழ்ந்திருந்தது. தார் பெயர்ந்து வெறும் ஜல்லி தெரிந்த ஓரிடத்தில் அடித்தளம் தரையை உரசிய ஒலி எழுந்தது. பின்னிருக்கையில் உம்மா, "அல்லாஹ்வே" என்று மெல்லச் சொல்லிக்கொண்டார். நான் கழற்றிவிட எண்ணியிருந்த நாற்பது மில்லிமீட்டர் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 170 மில்லிமீட்டர் தரை இடைவெளி என்பது ஆளில்லாத வண்டிக்கான கணக்கு. வேகத்தடைக்கு இந்தியச் சாலைப் பேரவை வகுத்த உயரமே 100 மில்லிமீட்டர். நம் தெருக்களில் அந்த அளவை மீறி எழுப்பியவையும் உண்டு. ஐந்து பேரும் சுமையும் ஏறியபின் எஞ்சும் வெளிதான் உண்மையான வெளி. என் கண்ணுக்கு வீணாகத் தெரிந்தது, பின்னிருக்கையில் இருப்பவர்களுக்காகப் பொறியாளர் ஒதுக்கி வைத்த இடம்.

ஊர் திரும்பியதும் அண்ணாச்சி வண்டியைத் தூக்கிப் பார்த்தார். ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய் கசிந்திருந்தது. கீழ்க்கை புஷ்கள் தேய்ந்து விரிசல் விட்டிருந்தன. நான் குறைகூறிய சாய்வுக்கு உயரத்தைவிட இந்தத் தேய்மானமே பெருங்காரணம். அதன்மேல் குட்டை ஸ்பிரிங்கைப் பூட்டியிருந்தால் நோயை மூடி மறைத்ததாகியிருக்கும். சேர்த்த பணத்தில் அசல் அளவிலேயே புதிய ஷாக்குகளும் புஷ்களும் மாற்றி, வீல் அலைன்மென்ட் செய்தோம். வண்டி இப்போது வளைவில் அடங்கி நடக்கிறது.

தாழ்த்த விரும்பும் தம்பிமார்களைப் பழிக்க எனக்கு உரிமையில்லை. ஆயினும் மூன்றை எண்ணிப் பாருங்கள். முதலில் பழைய பாகங்களின் நிலையைச் சோதியுங்கள். பிறகு வீட்டார் அனைவரையும் ஏற்றி, உங்கள் தெரு வேகத்தடையைக் கடந்து பாருங்கள். சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள்: தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்கிறது.

வண்டி நம்முடையது, அதில் ஏறுபவர்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தாழ்ந்த கார் ஒன்று கடந்து சென்றால் இன்றும் என் கண் அதன்பின் போகத்தான் செய்கிறது. உம்மா கதவைப் பிடித்து எழும் அந்த ஒரு கணம் என் பார்வையைத் திரும்ப அழைத்துக்கொள்கிறது.