பதில் வராத சலாம்

2024 ஆகஸ்டுத் திங்கள் முதல் வாரத்தில், பிரான்சிலிருந்து என் தாய்மாமாவின் பேரன் தொலைபேசியில் அழைத்தான். “மாமா, எங்கள் ரஃபால் விமானங்கள் உங்கள் நாட்டுக்கு வருகின்றன!” என்றான். இந்திய விமானப்படை முதன்முறையாகப் பல நாடுகளை அழைத்து நடத்திய ‘தரங் சக்தி’ப் பயிற்சியின் முதற்கட்டம் கோவையை அடுத்த சூலூரில் நடைபெறவிருந்தது. ஜெர்மனி, பிரான்சு, ஸ்பெயின், பிரிட்டன் ஆகியவற்றின் போர்விமானங்கள் வந்திறங்கின. பிரெஞ்சு விமானப்படையில் சேர விரும்புவதாகவும், நான் துஆச் செய்ய வேண்டுமென்றும் அவன் கேட்டான். ‘எங்கள்’, ‘உங்கள்’ என்ற சொற்கள் சற்றே உறுத்தின. ஆனால் காரைக்காலில் பாதி வீடுகளில் அச்சொற்கள் இடம் மாறியே வழங்குகின்றன.

அவனுடைய பாட்டனார், என் மாமா, ‘சொல்தா’. பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெற்றவர்களை எங்களூரில் அப்படித்தான் அழைப்போம். 1951-இல் கப்பலேறியவர்கள், இந்தோசீனம் கண்டு, அல்ஜீரியாவும் கண்டு திரும்பினார்கள். இந்தோசீனத்தைப் பற்றி ஓயாது பேசுவார்கள். அல்ஜீரியாவைப் பற்றிக் கேட்டால், “வெயில் அதிகம்” என்பதோடு சரி.

1998 மே 11 அன்று பொக்ரான் செய்தி வந்தது. மஃரிபு முடிந்து வந்தபோது தெருவில் வெடி வெடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் மகிழ்ந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. திண்ணையில் மாமா மட்டும் பேசாது அமர்ந்திருந்தார்கள். அன்றிரவுதான் வாய் திறந்தார்கள்.

1960 பிப்ரவரி 13. நோன்பு தொடங்க ஏறத்தாழ இரு வாரங்களே இருந்தன. சகாராவில் ரெக்கான் என்னுமிடத்தில் பிரான்சு தன் முதல் அணுகுண்டை வெடித்தது. ஏறத்தாழ எழுபது கிலோடன். ஹிரோஷிமாவில் வீழ்ந்ததைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். மாமா வெகுதொலைவில், வடக்கே ஒரு முகாமில் இருந்தார்கள். வானொலிச் செய்தி கேட்டு அதிகாரிகள் கோப்பைகளை உயர்த்தினார்களாம். மறுநாள் ரோந்து சென்ற சிற்றூரில் ஒரு முதியவர் கிணற்றடியில் நின்றார். மாமா சலாம் சொன்னார்கள். “அவர் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார், தம்பி. சலாம் மட்டும் திரும்பி வரவில்லை” என்று சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டார்கள். 2009-இல் மௌத்தாகும் வரை அதை மறுபடி பேசவில்லை.

பின்னர் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். சகாராவில் 1966 வரை பதினேழு சோதனைகள்; நாடு 1962 ஜூலையில் விடுதலை பெற்ற பின்னரும் அவை தொடர்ந்தன. எங்கள் காரைக்கால் 1954-இலேயே இந்தியாவோடு இணைந்தும், பாரிசு நாடாளுமன்றம் அல்ஜீரிய விவகாரம் முடியும்வரை அதற்கு ஒப்புதல் தராதிருந்து, 1962 ஆகஸ்டு 16-இல்தான் சட்டப்படி விடுவித்தது. அந்த முதியவரின் ஊரும் எங்களூரும் ஒரே கோடையில் அவிழ்ந்த இரு முடிச்சுகள். பாதிக்கப்பட்டோர்க்கு ஈடு வழங்க 2010-இல் பிரான்சு சட்டம் இயற்றியது. அல்ஜீரியரில் பயன்பெற்றோர் மிகச் சிலரே.

1964 முதல் பிரெஞ்சு விமானப்படை அணுகுண்டு தாங்கிய விமானங்களை ஆயத்தமாக வைத்திருக்கிறது. அன்று மிராஜ், இன்று அப்பொறுப்பு ரஃபாலுக்கு. சூலூருக்கு வந்தவை பயிற்சிக்கு வந்தவை, அணுவாயுதம் சுமந்தவையல்ல. பகைவன் அஞ்சினால் போர் வராது என்பதே இதன் கணக்கு. அறுபதாண்டுகளாக அக்கணக்குப் பிழைக்கவில்லை என்பர் அறிஞர். ரெக்கான் மக்களை அக்கணக்கில் சேர்த்தார்களா என்பதே என் ஐயம். முதலில் வீசமாட்டோமென்று இந்தியா வாக்களித்திருக்கிறது. பிரான்சு அப்படி வாக்களிக்கவில்லை. அது எனக்கு ஆறுதல்தான். ஆயினும், வீசப்பட்டால் தாங்கொணாச் சேதம் விளைவிப்போம் என்றும் 2003-இல் வெளியான அதே அறிவிப்பில் இருக்கிறது.

இதையெல்லாம் அந்தப் பிள்ளையிடம் சொல்வதா? மாமா தம் பேரனுக்கென்று வைத்துப்போனது ஓய்வூதியத்தில் கட்டிய வீடும், பதக்கங்களும்தான். கிணற்றடிச் செய்தியை என்னிடம் மட்டுமே விட்டுச் சென்றார்கள். இரண்டு நாள் யோசித்து, நானே அழைத்துச் சொன்னேன். சேராதே என்று சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமையுமில்லை.

நெடுநேரம் மறுமுனையில் ஓசையில்லை. பிறகு, “மாமா, அந்த இடத்தின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்” என்றான்.

சொன்னேன்.