நாணமும் நீச்சலும்

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவரின் மகள் இங்கிலாந்தில் ஆடை வடிவமைப்புப் பயில்கிறாள். கோடைதோறும் கிரேக்க நாட்டின் லெஃப்கடா தீவில், பாய் கட்டிய பலகையை அலைமேல் செலுத்தக் கற்பிக்கும் வேலைக்குச் செல்ல விரும்புகிறாள். அங்குள்ள வாசிலிக்கி விரிகுடாவில் காலையில் மென்காற்று, பிற்பகலில் வன்காற்று. முன்னது புதியவர்க்கும் பின்னது தேர்ந்தவர்க்கும் உகந்தது.

“ஹஜ்ரத், கடலை அஞ்சவில்லை, ஆடையை எண்ணியே அஞ்சுகிறேன்” என்றார் தகப்பனார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

லெபனானில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர் அஹீதா ஸனெட்டி. தம் சகோதரியின் மகள் தலைத்துணியுடன் வலைப்பந்து ஆட இடர்ப்படுவதைக் கண்ட அவர், 2004இல் தலையும் மேனியும் மறைக்கும் இலேசான நீச்சலுடையை வடித்தார். அதுவே ‘புர்கினி’. 2005 டிசம்பரில் சிட்னியின் குரோனுல்லா கடற்கரையில் அரபு வம்சத்தாருக்கு எதிராகக் கலவரம் மூண்டது. அதன்பின் அந்நாட்டுக் கடற்கரை உயிர்காப்புச் சங்கம் முஸ்லிம் இளையோரைப் பயிற்சிக்கு அழைத்தது. 2007இல் சிவப்பும் மஞ்சளுமான புர்கினி அணிந்து ஒரு முஸ்லிம் பெண் உயிர்காப்பாளரானார்.

அரபியில் நாணம் ‘ஹயா’, உயிர்வாழ்வு ‘ஹயாத்’. இரண்டும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். ஒன்றைக் காக்க மற்றொன்றைக் கைவிடுவது மார்க்கத்தின் போக்கன்று. தக்க ஆடை இல்லாமையால் நம் பெண்மக்கள் நீந்தக் கல்லாதிருப்பின், அந்த ஆடையைத் தைத்துக் கொடுப்பது நம் கடமை.

அம்மகளோ ஊசியும் துணியும் கற்றவள். தனக்குரிய உடையை முதலில் வடிக்கட்டும். பிறகு நம் பிள்ளைகளுக்கும் வடிக்கட்டும்.