யூதாஸின் கேள்வி

யேசுவின் பாடுகளைச் சொல்லும் நாடகங்களில் யூதாஸுக்கு வழக்கமாக ஒதுக்கப்படும் வேலை ஒன்றே. 30 வெள்ளிக்காசுக்குத் தலைவனைக் காட்டிக்கொடுத்துவிட்டு அவையோரின் சாபத்தை ஏற்றுக்கொள்வதே அது. அவன் ஏன் அவ்வாறு செய்தான் என்று கேட்பார் அரியர். 1970ஆம் ஆண்டு வெளிவந்த 'ஜீசஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்டார்' என்னும் இரட்டை இசைத்தட்டு அவ்வினாவையே தன் அச்சாகக் கொண்டது. அதன் முதற் பாடலே யூதாஸினுடையது.

அதனை ஆக்கியோர் ஆங்கிலேய இளைஞர் இருவர். பாடல் இயற்றிய ரிம் றைஸுக்கு அப்போது வயது 25. இசையமைத்த அன்ட்ரூ லொயிட் வெபருக்கு 22. 1968இல் இலண்டனிலுள்ள ஒரு பாடசாலையின் பிள்ளைகள் பாடுவதற்கென யோசேப்பின் கதையை இசைப்படுத்தியவர்களும் இவர்களே. யேசுவின் இறுதி நாட்களை மேடையேற்ற முதலிடுவார் கிடைக்காமையால் இசைத்தட்டே முதலில் வந்தது. வசனம் இல்லை, யாவும் பாட்டே. மின்கிற்றாரின் அதிர்வோடு பெரிய வாத்தியக் குழுவும் சேர்ந்தொலிக்க, 'டீப் பேர்ப்பிள்' குழுவின் இயன் கிலன் யேசுவாகவும் மறே ஹெட் யூதாஸாகவும் பாடினர்.

இந்த யூதாஸ் பணப்பேராசைக்காரன் அல்லன். போதனையை மறந்து போதகரைத் தெய்வமாக்கும் கூட்டத்தைக் கண்டு அஞ்சுகிறான். உரோம ஆட்சி தன் மக்களை நசுக்கிவிடும் என்று நடுங்குகிறான். விலையுயர்ந்த தைலத்தை 300 பணத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று அவன் கேட்டதை யோவான் சுவிசேஷமும் கூறும். ஆயின், அவன் திருடனாதலால் அப்படிக் கேட்டான் என்று சுவிசேஷம் காரணம் காட்டும். இசைத்தட்டோ அக்காரணத்தை நீக்கிவிட்டுக் கேள்வியை மாத்திரம் நம்முன் வைக்கின்றது.

உயர்தர வகுப்பு மாணவரோடு இதனைக் கேட்டபோது ஒருவன் எழுந்து, "அவன் கேட்டதில் என்ன பிழை, சேர்?" என்றான். நாம் விடை சொல்லுமுன் ஒரு மாணவி சொன்னாள்: "கேட்டது சரிதான். கேட்டுவிட்டு எங்கே போனான்? ஏழைகளிடமா, ஆசாரியர்களிடமா?"

இதனினும் கூர்மையான விமரிசனத்தை நாம் கேட்டதில்லை. தனிமனித வழிபாட்டைக் கண்டிப்பது நியாயமே. அதனைக் கண்டிப்பவன் மக்களிடம் நம்பிக்கையிழந்து அதிகார பீடத்தின் வாயிலைத் தட்டும்போது, அவனுடைய நியாயம் முழுவதும் அப்பீடத்துக்கே ஆயுதமாகிவிடுகின்றது. யூதாஸின் வீழ்ச்சி அவன் கேள்வியில் இல்லை. அதனை அவன் எடுத்துச் சென்ற இடத்தில் இருக்கின்றது.

புகழ்மயக்கத்தைச் சாடிய இப்படைப்புக்கே பெரும்புகழ் வந்தமை வேடிக்கைதான். 1971இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது முதலிடம் பெற்றது. அவ்வாண்டே நியூயோர்க்கில் மேடையேறியது. கிறிஸ்தவர் சிலர் அதனைத் தெய்வ நிந்தனை என்றனர். யேசுவின் மரணத்துக்கு யூதர் மேல் பழிசுமத்தும் பழைய பகைமைக்கு அது உரமிடும் என யூத அமைப்புகள் எதிர்த்தன. அவ்வெதிர்ப்பை எளிதில் தள்ளிவிடுதல் இயலாது. இலண்டனிலோ அது 1972 முதல் 1980 வரை இடையறாது நடந்தது. சந்தை எதிர்ப்பையும் விலைபேசும் வல்லமை வாய்ந்தது.

எனினும், சந்தையால் விழுங்கமுடியாத ஒன்று அவ்விசைத்தட்டில் எஞ்சியுள்ளது. அது உயிர்த்தெழுதலைக் காட்டாமல் சிலுவை மரணத்தோடு முடிகிறது. இறுதிப் பகுதியில் குரல் இல்லை. தோட்டத்துக் கல்லறையைக் குறிக்கும் சுவிசேஷ வசனத்தின் எண்ணே அதன் தலைப்பு. ஏழைகளைப் பற்றிய கேள்விக்கு விடை சொல்லவேண்டிய பொறுப்பு கேட்பவரிடமே விடப்படுகின்றது. அதனை எவரிடம் எடுத்துச் செல்வது என்பதை நமது மாணவி அறிந்திருக்கிறாள்.