டகோட்டாவின் சத்தம்

2024 அக்டோபர் 6ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, மெரீனா மணலுக்கு இருநூறு அடி இருக்கும்போது என் தாய்மாமா நின்றார், சுற்றிலும் பார்த்தார், என்னைத் திருப்பி அழைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்காக அவரோடு நான் மூன்று நாள் பேசவில்லை. இதை எழுதக் காரணம் அந்த மூன்று நாள்தான்.

விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழாவுக்காக அன்று கடற்கரையில் பறத்தல் காட்சி. ரஃபேல், சுகோய், தேஜஸ் எல்லாம் வரும் என்று செய்தி. எங்களுக்கு அவற்றில் அக்கறையில்லை. கூடவே இரண்டு பழைய விமானங்களும் வருவதாகச் சொன்னார்கள்: ஒரு ஹார்வர்ட், ஒரு டகோட்டா. டகோட்டா என்ற சொல்லுக்காக மாமாவைச் செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏற்றித் திருவல்லிக்கேணியில் ஓர் உறவினர் வீட்டில் கொண்டுவந்து இறக்கியிருந்தேன்.

மாமாவுக்கு அப்போது 79 வயது. 1963இல் படையில் சேர்ந்து 15 வருஷம் என்ஜின் ஃபிட்டராக இருந்தவர். அதில் பெரும்பகுதி டகோட்டாக்களோடு. பிறகு திருச்செந்தூருக்குத் திரும்பி, தோட்டத்துக் கிணறுகளின் டீசல் என்ஜின்களைப் பழுதுபார்த்துக்கொண்டு காலத்தைக் கழித்தார். 1971இல் அவர் கிழக்கே ஒரு தளத்தில் இருந்தார் என்பது எனக்குச் சிறுவயதிலேயே தெரியும். யுத்தக் கதையை அவர் வாயிலிருந்து எடுக்க முப்பது வருஷம் முயன்றேன். கதை வரவில்லை. வந்ததெல்லாம் எண்ணெய்.

டகோட்டாவுக்கு இரண்டு என்ஜின். ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர். ஏழு ஏழாக இரண்டு வட்டமாக, பூவிதழ் மாதிரி சுற்றி நிற்கும். விமானம் நிற்கும்போது எண்ணெய் மெல்லக் கசிந்து அடிச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். அதனால் என்ஜினைக் கிளப்புமுன் புரொப்பல்லரைக் கையால் சுற்ற வேண்டும், இதழ் இதழாக எண்ணிக்கொண்டு. எங்காவது தடுத்தால் பலத்தைக் காட்டக் கூடாது. அடிச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும். பொறுமையில்லாதவன் அப்படியே கிளப்பிவிட்டால் உள்ளே இணைப்புத் தண்டு லேசாக வளையும். அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. என்ஜின் ஓடும், விமானமும் ஏறும். பிறகு ஒருநாள், வேறொருவன் ஓட்டும்போது, ஆகாயத்தில் வைத்து அது முறியும்.

“நெனப்புல ஓடாதுடே மருமவனே. எண்ணெயில ஓடும்” என்பார்.

இந்த வாக்கியம் எனக்குப் பல வருஷம் எரிச்சலூட்டியது. ஞாபகம் என்பது ஒரு மனநிலை, தன்னை அறியாமல் பொங்கி வருவது என்று நம்பிய தலைமுறை நாங்கள். எங்கள் கவிதைகளெல்லாம் அந்த நம்பிக்கையில் எழுதப்பட்டவை.

இப்போது விமானப்படையிடம் பறக்கும் நிலையில் இருக்கிற அந்த டகோட்டாவின் வரலாறும் விசித்திரமானது. அயர்லாந்தில் கழித்துப்போட்ட நிலையில் கிடந்ததை 2011இல் ராஜீவ் சந்திரசேகர் வாங்கினார். டகோட்டா ஓட்டிய விமானியின் மகன் அவர். இங்கிலாந்தில் வைத்துச் சீர்செய்யப்பட்டு, 2018 ஏப்ரலில் பல தேசங்களில் இறங்கி இறங்கி அது இந்தியா வந்தது. பரசுராமா என்று பெயரிட்டு, விபி 905 என்ற எண்ணைத் தீட்டினார்கள். 1947 அக்டோபர் 27இல் ஸ்ரீநகருக்கு முதல் துருப்புகளைக் கொண்டுபோன டகோட்டாவின் எண் அது. ஆனால் இது அந்த விமானம் அல்ல.

“அப்படியென்றால் போலிதானே மாமா?” என்று கேட்டேன். அசல், நகல் என்று நாங்கள் இலக்கியத்தில் நடத்திய சண்டைகளின் தொனியில்தான் கேட்டிருப்பேன்.

“ஒன் தாத்தா பேர ஒனக்கு வச்சிருக்கு. நீ போலியாடே?” என்று கேட்டுவிட்டு, அதன் எண்ணெய் அழுத்தம் எவ்வளவு இருக்கும் என்று யோசிக்கப் போய்விட்டார்.

2022 குடியரசு தினத்தன்று தொலைக்காட்சியில் இந்த டகோட்டாவைப் பார்த்தோம். 1971 டிசம்பர் 11இல் டாங்கைல் அருகே பாராசூட் படை இறக்கப்பட்டதன் நினைவாக, நடுவில் டகோட்டா, இரு பக்கமும் பின்தள்ளி ஒவ்வொரு டார்னியர். அதற்கு முந்தின வருஷம் டார்னியருக்குப் பதில் இரண்டு ஹெலிகாப்டர்கள். மாமா சாய்வு நாற்காலியிலிருந்து முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “பாத்தியா, சின்னவனுவ ரெண்டு பேரும் கெழவி நடைக்கு நடக்கானுவ” என்றார்.

அன்றைக்குத்தான் அணிப்பறத்தலை எனக்கு முழுசாகச் சொன்னார். மெதுவாகப் போவது எதுவோ அதன் வேகம்தான் எல்லோருடைய வேகமும். முன்னால் போகிறவன் தன் என்ஜினின் முழு பலத்தையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எடுத்துக்கொண்டால் பின்தங்கியவன் எட்டிப்பிடிக்க அவனிடம் ஒன்றும் மிஞ்சாது. திரும்புவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் தொட்டிலை ஆட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். பழைய என்ஜின்கள் சட்டென்று குறைப்பதையும் கூட்டுவதையும் பொறுக்காது. பக்கத்தில் வருகிறவன் தலைவனின் விமானத்தில் இரண்டு புள்ளிகளைக் குறித்து வைத்துக்கொள்வான். இறக்கை நுனி விளக்கு ஒன்று, ஒரு ஜன்னல் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அவை இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகிறவரை அவன் தன் ஸ்தானத்தில் இருக்கிறான். அதைத் தவிர அவன் எதையும் பார்ப்பதில்லை. தரையை, ஜனங்களை, யாருக்காகப் பறக்கிறானோ அந்த நினைவுச் சின்னத்தை, எதையும்.

“அப்ப தரை எங்க இருக்குன்னு அவனுக்கு யாரு சொல்லுவா?”

“முன்னால போறவன்தான். அவன் கண்ணு இவனுக்கும் சேத்து.”

அது எவ்வளவு பயங்கரமான ஒப்பந்தம் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1982 ஜனவரி 18இல் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில், பயிற்சியின்போது தலைவனின் ஜெட் விமானம் கோளாறால் மேலெழ முடியாமல் போயிற்று. அவனையே பார்த்துக்கொண்டிருந்த மற்ற மூவரும் அவனோடு சேர்ந்து தரையில் மோதினார்கள். எங்கள் கடற்கரையில் இதற்கு ஓர் உவமை இருக்கிறது. 1961க்குப் பிறகு தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளிப்பு நடக்கவில்லை என்றாலும் பேச்சில் அது இன்னும் இருக்கிறது. குளிக்கிறவன் கல்லோடு கீழே போவான். மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள், தன் அக்காளோ தங்கையோ தாலியறுக்க அவன் சம்மதிக்க மாட்டான் என்று சொல்வார்கள். மாமாவுக்கு இந்த உவமை பிடிக்கும். ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்: பாசம் போதாது; எத்தனை இழுப்புக்கு என்ன அர்த்தம் என்று தோணியில் ஏறுமுன்பே பேசியிருக்க வேண்டும்.

விமானத்திலும் அப்படித்தானாம். தலைவன் கண்ணிலிருந்து மறைந்துவிட்டால் தேடக் கூடாது. முன்பே பேசிய திசைக்கு விலகி, முன்பே பேசிய உயரத்துக்குப் போய்விட வேண்டும். சரியில்லை என்று யாருக்குப் பட்டாலும், அவன் கடைக்குட்டியாக இருந்தாலும், நிறுத்து என்று சொல்லலாம். சொன்னால் நிறுத்திவிட வேண்டும். ஏன் என்று ஆகாயத்தில் கேட்பதில்லை. இறங்கியபின் கேட்கலாம்.

அதே 2022 நவம்பர் 12இல் டல்லாஸ் நகரில் இரண்டாம் உலக யுத்த நினைவுக் காட்சி ஒன்றில் ஒரு பி-17 குண்டுவீச்சு விமானமும் ஒரு பி-63 போர் விமானமும் மோதின. இரண்டிலுமாக ஆறு பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. கைபேசியில் அந்தப் படத்தை மாமாவிடம் காட்டினேன். ஒரு தடவை பார்த்தார், மறுபடியும் போட வேண்டாம் என்றார். வெகுநேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ரெண்டுக்கும் ஒயரம் என்ன குடுத்திருந்தாவ?”

எனக்குத் தெரியவில்லை. 2024 இறுதியில் அமெரிக்க விசாரணை அமைப்பின் முடிவு வந்தபோது, இதுதான் அதில் இருந்தது. விமானங்களை உயரத்தால் பிரித்துவைக்கிற திட்டம் புறப்படுமுன் பேசப்படவில்லை. பறந்துகொண்டிருக்கும்போதே ரேடியோவில் கொடுக்கப்பட்ட கட்டளைகளையும், ஒருவரையொருவர் பார்த்து விலகிக்கொள்வார்கள் என்பதையும் நம்பியிருந்தார்கள். திருப்பத்தில் சாய்ந்திருக்கிற விமானி தன் விமானத்தின் உடம்பே மறைக்கிற ஒன்றை எப்படிப் பார்ப்பான்? அவர்கள் திறமையில்லாதவர்கள் அல்ல. பழைய விமானங்களின் மீதும் இறந்தவர்கள் மீதும் அவர்களுக்கிருந்த பிரியத்தையும் சந்தேகிக்க இடமில்லை. பிரியம் உயரத்தைப் பிரித்துக் கொடுக்காது என்பதுதான் விஷயம்.

மெரீனாவுக்கு வருகிறேன்.

காலை பத்து மணிக்கே வெயில் ஏறிவிட்டது. காட்சி பதினோரு மணிக்கு. தெருக்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் கடலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு, குடையோடு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு. எனக்கு அது உற்சாகமாகத்தான் இருந்தது. மாமா நின்றார். முன்னாலும் பின்னாலும் பார்த்தார். எதிரே திரும்பி வருகிறவர் ஒருவர்கூட இல்லை என்பதை அவர் கவனித்திருக்க வேண்டும்.

“மருமவனே, இதுல வெளிய வார வழி எது?”

“முடிஞ்சா எல்லாரும் இப்படியே வருவாங்க மாமா.”

“எல்லாரும் ஒரே நேரத்துலயா? வேண்டாம்டே. போவோம்.”

அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் வந்திருக்கிறோம், உங்களுக்காகத்தானே வந்தேன், இதோ மணல் தெரிகிறது என்றெல்லாம் சொன்னேன். குரலை உயர்த்திவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் பதில் சொல்லாமல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் ஓரமாக, எதிர்த்திசையில், நடக்க ஆரம்பித்தார்.

திருவல்லிக்கேணி சந்து ஒன்றில் ஒரு திண்ணையில் உட்கார்ந்தோம். ஜெட்டுகள் வந்தன, ஜன்னல்கள் அதிர்ந்தன. எனக்குத் தலை நிமிரவே மனமில்லை. பிறகு வேறு மாதிரி ஒரு சத்தம் வந்தது. தணிந்த, கரகரத்த, இரண்டு குரல் சேர்ந்த சத்தம். மாமா எழுந்து நின்றார். இரண்டு மாடிகளுக்கும் ஒரு மின்கம்பிக் கற்றைக்கும் நடுவில் இருந்த துண்டு வானத்தில் டகோட்டா மூன்று விநாடி இருந்திருக்கும். அவர் அதைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. தலையைச் சாய்த்து, ஒரு காதை மேலே கொடுத்து நின்றார். கிணற்று மேட்டில் என்ஜினைக் கிளப்பிவிட்டு அவர் நிற்கிற அதே நிலை.

“ரெண்டும் ஒண்ணா ஓடுது” என்றார். அவ்வளவுதான்.

அன்று இரவுக்குள் செய்தி வந்தது. லட்சக்கணக்கில் கூடிய கூட்டத்தில் வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் இறந்துவிட்டார்கள். பலர் ஆஸ்பத்திரியில். மேலே விமானங்களுக்கு ஒரு பழுதும் இல்லை. உயரம், வேகம், இடைவெளி, யாருக்குப் பின் யார், எல்லாம் பேசியபடி நடந்திருக்கின்றன.

இந்தச் செய்தியைக் கேட்டபின்னும் நான் மாமாவோடு பேசவில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன். அவர் சரியாகச் செய்தார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் பேச முடியவில்லை. 79 வயதுக்காரர் ஒருவரை அந்த மணலுக்கு அழைத்துப்போக நான் வைத்திருந்த திட்டம் என்ன? ஒரு தண்ணீர்ப் பாட்டில். அதற்குமேல், அவர் டகோட்டாவைப் பார்க்கும்போது அவர் முகத்தை நான் பார்க்க வேண்டும் என்கிற ஆசை. அதை எழுத வேண்டும் என்கிற ஆசையும் அதற்குள் இருந்தது. நான் அவரைப் பின்தொடரவில்லை. என்னுடைய உணர்ச்சிக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

நான்காம் நாள், ஊரில், அவராகவே டீ வாங்கிக் கொடுத்தார். ஏன் என்று நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

மாமா 2025 ஆவணியில் தூக்கத்தில் போய்விட்டார். ஒரு சிற்றிதழ் நண்பர் அஞ்சலிக் குறிப்பு கேட்டார். நம் அஞ்சலிகளை நாம் எப்படி எழுதுகிறோம் என்று யோசித்தேன். செத்தவனைவிட வேகமாகப் பறந்து அவனைத் தாண்டிப் போகிறோம். அணிப்பறத்தலில் இறந்தவனுக்காக ஒரு சம்பிரதாயம் உண்டு. நான்கு விமானங்கள் வரும், ஒன்று பிரிந்து மேலே போய்விடும். அல்லது முதலிலிருந்தே அந்த ஸ்தானத்தைக் காலியாக விட்டு வருவார்கள். மிச்சமிருப்பவர்கள் அசையாமல் தங்கள் ஸ்தானத்தில் இருந்தால்தான் அந்தக் காலியிடம் தெரியும். ஒருவன் உணர்ச்சிவசப்பட்டு உள்ளே நகர்ந்தால் அது மூடிவிடும்.

2024 மே 25இல் பிரிட்டிஷ் விமானப்படையின் நினைவு அணியைச் சேர்ந்த ஸ்பிட்ஃபயர் ஒன்று விழுந்து அதன் விமானி இறந்தார். அந்த அணி பறப்பதை நிறுத்தினார்கள். பன்னிரண்டு நாளில் நார்மண்டி இறக்கத்தின் 80ஆம் ஆண்டு. எந்த நாளுக்காக அந்தப் பழைய விமானங்களைக் காத்து வைத்திருந்தார்களோ அந்த நாள். அன்றைக்கும் அவை பறக்கவில்லை. மாமாவிடம் இதைச் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினார். மெரீனாவுக்கு நான்கு மாதம் முன்பு. அப்போதே நான் புரிந்துகொண்டிருக்கலாம்.

நண்பருக்குக் குறிப்பு அனுப்பவில்லை. 2025 அக்டோபர் 27, சூரசம்ஹாரத்தன்று, கடற்கரையில் மாமா வழக்கமாக நிற்கிற இடத்தில் போய் நின்றேன். கூட்டத்தின் விளிம்பில், தெருவுக்குத் திரும்புகிற வழியை ஒட்டி இருக்கிறது அது. அங்கிருந்து சூரன் தலை சரியாகத் தெரியாது. அறுபது வருஷமாக அவர் ஏன் அங்கே நின்றார் என்று வீட்டில் கேலி செய்வோம். மேளமும் கூச்சலும் கேட்டன. என்ன நடக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்ல முடிந்தது.