தீவில் ஓர் ஏப்ரல் 14

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 காலையில் நான் எங்கே இருப்பேன் என்பது என்னைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். எங்கள் காலனி முனையில் இருக்கும் அண்ணல் சிலையைக் கழுவி, மாலை போட்டு, பிள்ளைகளுக்கு இனிப்பு கொடுத்து முடிப்பதற்குள் மதியமாகிவிடும். 2024இல் மட்டும் அந்த நாளில் நான் தாய்லாந்தின் கோ சமுய் தீவில் இருந்தேன். இங்கே மக்களவைத் தேர்தலுக்கு ஐந்தே நாள். "தேர்தல் நேரத்துல ஊர் சுத்தக் கிளம்பிட்டீங்களா தோழர்?" என்று கேட்டவர்களிடம், 19ஆம் தேதி ஓட்டுப் போட வந்துவிடுவேன் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் போனேன்.

உண்மையில் போனது ஊர் சுற்ற அல்ல. பாங்காக்கில் புலம்பெயர் தொழிலாளர்கள் பற்றிய நான்கு நாள் பயிற்சி. அது 11ஆம் தேதி முடிந்தது. திரும்பும் விமானம் 16ஆம் தேதி. நடுவில் அலுவலகங்கள் எல்லாம் புத்தாண்டு விடுமுறை. "ரூம்ல உக்காந்து என்ன பண்ணப் போறோம், கடலைப் பாத்துட்டு வரலாம் வா" என்றார் கூட வந்த அக்கா. அவருக்கு 50 வயது. எங்கள் வேலையில் 20 ஆண்டு அனுபவம். அவர் சொன்னால் நான் மறுப்பதில்லை.

12ஆம் தேதி இரவு ரயில் ஏறினோம். பொங்கலுக்கு முந்தின நாள் சென்னைப் பேருந்து நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ரயிலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அட்டைப்பெட்டி, அரிசிப் பை, தூங்கி விழும் குழந்தை, ஊரில் காத்திருக்கும் அப்பாவுக்கு வாங்கிய புதுச்சட்டை. பாங்காக்கின் கட்டடங்களையும் உணவகங்களையும் இயக்குகிறவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் போகிறார்கள். விடிந்தபோது சூரத் தானியில் இறங்கினோம். அங்கிருந்து டோன்சாக் துறைக்குப் பேருந்து, பிறகு ஒன்றரை மணி நேரம் படகு. கடலில் தென்னை மரங்களோடு தீவு மெல்ல எழுந்து வந்தது.

நாத்தோன் துறையில் இறங்கி 'சொங்தேவ்' ஏறினோம். பிக்கப் வண்டியின் பின்பக்கம் எதிரெதிராக இரண்டு பெஞ்சு போட்டிருப்பார்கள். 'இரண்டு வரிசை' என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். மூடாத வண்டி. சாலையோரம் வீட்டுக்கு வீடு தண்ணீர் டிரம். சில டிரம்களில் ஐஸ் கட்டி மிதந்தது. முதல் தெருமுனையிலேயே நாங்கள் தொப்பலாக நனைந்துவிட்டோம். பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்த அக்காவின் முன்யோசனைக்கு இன்றும் நன்றி.

வண்டி ஓரிடத்தில் நின்றது. ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கையில் சின்னக் கிண்ணத்தோடு வந்து என் முகத்தைப் பார்த்தாள். ஊற்றவில்லை, காத்திருந்தாள். நான் தலையாட்டியதும் தோளில் மெதுவாக ஊற்றிவிட்டுக் கைகூப்பினாள். அவளுக்குப் பின்னால் ஒரு தாத்தா. வெள்ளைக் களிமண் பொடியைக் குழைத்து வைத்திருந்தார். என் இரு கன்னத்திலும் தடவ விரலை நீட்டினார்.

நான் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவர் உடனே கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். பயந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். பயமில்லை. முன்பின் தெரியாத பெரியவர், நான் யார், எந்தத் தெரு, யார் மகள் என்று எதையும் கேட்காமல் என் முகத்தைத் தொட வருகிறார். இது என் உடம்புக்குப் பழக்கமில்லை. அவ்வளவுதான். அடுத்த தெருவில் இன்னொரு பாட்டி வந்தபோது முகத்தை நீட்டினேன்.

எங்கள் ஊரிலும் தண்ணீர் ஊற்றி விளையாடும் திருவிழா உண்டு. மாரியம்மன் திருவிழா முடிகிற நாளில் மஞ்சத்தண்ணி விளையாட்டு. ஆனால் அதை யார் மீதும் ஊற்றிவிட முடியாது. முறை வேண்டும். மாமன் மகன், அத்தை மகள், கொழுந்தன், மச்சினி. யாரை யார் கட்டிக்கொள்ளலாம் என்பதற்கு மஞ்சள் தண்ணீரில் எழுதிய பட்டியல் அது. ஊர்த் தெருவில் ஓடும் அந்தத் தண்ணீர் காலனி எல்லைக்கு முன்பே நின்றுவிடும். நாங்கள் எங்கள் தெருவுக்குள் தனியாக ஊற்றிக்கொள்வோம். சின்ன வயதில், ஊர்த் தெருவில் நனைந்து சிரித்தபடி போகிறவர்களை டீக்கடை ஓரம் நின்று பார்த்திருக்கிறேன். எங்கள் மீது ஒரு சொட்டும் படாது. தவறிக்கூடப் படாது. அத்தனை கவனமாக ஊற்றுவார்கள்.

'சோங்க்ரான்' என்பது சங்கராந்தியிலிருந்து வந்த சொல். சூரியன் மேஷத்துக்குள் நுழைகிற அதே கணக்கு. மியான்மர், லாவோஸ், கம்போடியா, சிங்களர், தமிழர் என்று பலருக்கும் இந்த நாட்களில்தான் புத்தாண்டு. தாய்லாந்தில் 1941 முதல் அதிகாரப்பூர்வப் புத்தாண்டு ஜனவரி 1தான். ஆனாலும் மக்கள் வீட்டுக்குப் போவது ஏப்ரலில். 2023 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த விழாவை மரபுப் பட்டியலில் சேர்த்திருந்ததால் அந்த ஆண்டு ஆரவாரம் கூடுதல். ஏப்ரல் 13 முதியோர் நாள், 14 குடும்ப நாள்.

14ஆம் தேதி காலை நாங்கள் தங்கியிருந்த விடுதியின் சொந்தக்கார அம்மா கதவைத் தட்டினார். முந்தின இரவுதான் அவருடைய பிள்ளைகள் பாங்காக்கிலிருந்து வந்து சேர்ந்திருந்தார்கள். முற்றத்தில் அவருடைய தாயார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். 80 வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு கைகளையும் சேர்த்து முன்னால் நீட்டியிருந்தார். கீழே ஒரு பேசின். பக்கத்தில் மல்லிகையும் ரோஜா இதழும் மிதக்கும் வாசனைத் தண்ணீர். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒவ்வொருவராக மண்டியிட்டு, சின்னக் கிண்ணத்தில் மொண்டு அந்தக் கைகளில் ஊற்றினார்கள். அவர் வாய்க்குள் ஏதோ சொல்லி வாழ்த்தினார். விருந்தாளிகளான எங்களையும் ஊற்றச் சொன்னார்கள்.

கிண்ணத்தைக் கையில் வாங்கியதும் என்னால் அசைய முடியவில்லை.

என் அம்மாவுக்குப் பிறந்த ஊரும் வாக்கப்பட்ட ஊரும் ஒன்றுதான். 1970களில் அவர் படித்த தொடக்கப்பள்ளியில் ஒரு மண்பானை இருந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் அதைத் தொடக்கூடாது. ஊர்ப் பையன் யாராவது மனம் வைத்தால் சொம்பில் மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுவான். குனிந்து, இரண்டு கையையும் குவித்துப் பிடித்து, முழங்கை வழியாகப் பாதி வழிய மீதியைக் குடிக்க வேண்டும். அவன் விளையாடப் போய்விட்டால் வீடு போகும்வரை தாகம்தான். அம்மா இதை என்னிடம் ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். அதுவும் சிரித்துக்கொண்டே. "குடிச்சது எங்க, பாவாடை நனைஞ்சதுதான் மிச்சம்."

அதே கைகள். சேர்த்து நீட்டிய இரண்டு கைகள், மேலிருந்து விழும் தண்ணீர். எங்கள் ஊரில் கையை நீட்டியவர் தாழ்ந்தவர், ஊற்றியவர் உயர்ந்தவர். இங்கே கையை நீட்டியவருக்கு மரியாதை, ஊற்றுகிறவர் மண்டியிடுகிறார். எம்.ஏ.வில் சமூகவியல் படித்தபோது, ஒரு செய்கைக்குத் தானாக ஒரு பொருள் கிடையாது, சமூகம்தான் அதற்குப் பொருள் தருகிறது என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அன்று அந்த முற்றத்தில்தான் அது எனக்குப் புரிந்தது. மண்டியிட்டேன். அந்தக் கைகளை ஒட்டிக் கிண்ணத்தைப் பிடித்து ஊற்றினேன். உயரத்திலிருந்து ஊற்ற என் கை வரவில்லை. அந்தப் பாட்டி ஈரக் கையால் என் தலையைத் தடவினார். பக்கத்தில் அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இங்கேயே நிறுத்தியிருந்தால் இது நல்ல சுற்றுலாக் கட்டுரையாக இருந்திருக்கும். ஆனால் வரிசையில் கடைசியாக ஒரு பெண் வந்தாள். 22 வயதிருக்கும். விடுதியில் துணி துவைப்பவள், மியான்மரிலிருந்து வந்தவள். வீட்டுப் பேத்திதான் கூப்பிட்டாள். ஊற்றினாள், வணங்கினாள், உடனே படுக்கை விரிப்புகளை அலசப் போய்விட்டாள். மதியம் கைப்பேசி மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு பேசினோம். அவள் ஊரிலும் அன்று திஞ்சான் திருவிழா, இதே தண்ணீர் விளையாட்டு. உனக்கு விடுமுறை இல்லையா என்றேன். புத்தாண்டில்தானே அறைகள் நிரம்புகின்றன என்றாள். ஊருக்குப் போய் மூன்று ஆண்டாகிறது. அந்தப் பிப்ரவரியில் ராணுவ அரசு கட்டாய ராணுவச் சேவையை அறிவித்ததும் அவள் தம்பியும் எல்லை தாண்டி வந்துவிட்டான். இப்போது அம்மா மட்டும் தனியாக. அம்மாவின் கையில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே அவள் பழைய காணொளி ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

தெருவில் தெரியாதவர் மீது ஊற்றுகிற தண்ணீர், மறுநாள் யார் துணியை யார் துவைப்பது என்பதை மாற்றவில்லை. மெக்கிம் மேரியட் என்ற மானுடவியலாளர் உத்தரப்பிரதேசக் கிராமம் ஒன்றின் ஹோலியைப் பற்றி 1966இல் வெளியான ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். அன்று ஒருநாள் மேல் கீழாகும், கீழ் மேலாகும். பிறகு எல்லாம் பழையபடி. சோங்க்ரானுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். பொடி தடவும் சாக்கில் பெண்களிடம் அத்துமீறுவது அங்கே நீண்டநாள் பிரச்சினை. 2018இல் அதிகாரிகள் பெண்களைப் பார்த்து அடக்கமாக உடுத்துங்கள் என்று சொன்னபோது, நடிகையும் மாடலுமான சிண்டி பிஷப் 'எப்படி உடுத்துவது என்று எனக்குச் சொல்லாதே' என்று இயக்கமே தொடங்கினார். இந்த ஒரு வாரத்தில் சாலை விபத்துகளில் ஆண்டுதோறும் 200 பேருக்கு மேல் இறக்கிறார்கள். அந்நாட்டு அரசே இதை 'ஏழு ஆபத்தான நாட்கள்' என்கிறது. பார்த்த இடத்தையெல்லாம் சொர்க்கம் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. முதல் நாள் அந்தச் சிறுமி கிண்ணத்தோடு காத்து நின்றாளே, எனக்குப் பிடித்தது அந்தக் காத்திருப்புதான்.

சாயங்காலம் பெரிய புத்தர் கோயிலுக்குப் போனோம். 12 மீட்டர் உயரச் சிலை, கடலை ஒட்டிய குட்டித்தீவில் 1972இல் கட்டியது. கீழே மேசையில் சின்னப் புத்தர் சிலைகளை வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஊற்றினார்கள். என்ன ஆள் என்று கேட்பாரில்லை, பூட்டும் இல்லை. எங்கள் அண்ணலின் சிலை இரும்புக் கூண்டுக்குள் இருக்கிறது. ஏப்ரல் 14க்கும் டிசம்பர் 6க்கும் சாவி வாங்கத்தான் எங்கள் பையன்கள் முதலில் நடக்க வேண்டும். 1927 மார்ச் 20இல் மகத் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தவர் அவர். அதற்குப் பிறகு அந்தக் குளத்துக்குச் சாணமும் மூத்திரமும் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். இதெல்லாம் பழங்கதை என்பவர்கள் வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளலாம். அது 2022 டிசம்பர்.

புத்தர் தலையில் ஒரு கிண்ணம் ஊற்றினேன். அக்கா கைப்பேசியில் அண்ணல் படத்தை எடுத்து உயர்த்திப் பிடித்தார். "ஜெய் பீம்" என்றோம், மெதுவாக. பக்கத்தில் நின்ற தாய் குடும்பம் எங்களைப் பார்த்துக் கைகூப்பியது.

ஊர் வந்து சேர்ந்தது 17ஆம் தேதி. மறுநாள் சாயங்காலம் அம்மாவைத் திண்ணையில் உட்காரவைத்து, கையை நீட்டச் சொல்லி, சொம்புத் தண்ணீரை ஊற்றப் போனேன்.

"ஏய், என்னாடி பண்ற? கை சுத்தமாத்தான் இருக்கு."

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஊத்துறது சின்னவங்களா?"

"ஆமாம்மா."

"உக்காந்திருக்கிறவங்க குடிக்க வேணாமா?"

"குடிக்கல்லாம் வேணாம். மரியாதைக்கு."

அம்மா கொஞ்சநேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நீட்டினார். ஊற்றினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "செடிக்கு ஊத்தியிருந்தா பூவாவது பூக்கும்" என்று எழுந்துபோனார்.

19ஆம் தேதி காலை ஓட்டுப் போடப் போனோம். வாக்குச்சாவடி அதே தொடக்கப்பள்ளிதான். கட்டடம் புதிது. பானை இருந்த மூலையில் இப்போது குழாய் போட்டிருக்கிறார்கள். ஓட்டுப் போட்டுவிட்டு, விரலில் மை காயாமல் வெளியே வந்த அம்மா நேராக அந்தக் குழாய்க்குப் போனார். தானே திறந்தார். இரண்டு கையையும் குவித்துப் பிடித்துக் குடித்தார். முகத்திலும் கொஞ்சம் அடித்துக்கொண்டார். வரிசையில் நின்ற ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே அம்மா ஒரு சொம்புத் தண்ணீர் குடித்திருந்தார்.