அண்ணனின் குரல்

1990இல் காணாமற்போன என் அண்ணனின் குரல் ஒரேயொரு கசற்றில்தான் மிஞ்சியிருக்கிறது. படுவான்கரையில் எங்கள் ஊர்க் களரியில் அவர் பாடியாடிய வடமோடிக் கூத்து அது. 2007இல் இடம்பெயர்ந்தபோதும் அதைப் பொலித்தீனில் சுற்றி எடுத்துக்கொண்டே போனேன். அண்மையில் மகள் அதைப் பென்ட்ரைவில் ஏற்றித் தந்தாள்.

சீட்டுக் காசோடு இருவரும் மட்டக்களப்பில் ஒரு கடைக்குப் போனோம்.

"ஹோம் தியேட்டர் எடுங்க அக்கா. ஐந்து பெட்டி, ஒரு சப்வூபர், ஆயிரம் வாட்ஸ்" என்றார் கடைக்காரத் தம்பி.

"இதைப் போட்டுக் காட்டுங்க தம்பி" என்று பென்ட்ரைவைக் கொடுத்தேன். மத்தளம் நெஞ்சில் இடித்தது. அண்ணனின் குரலைக் காணவில்லை.

மகள் பெட்டியைப் பார்த்தாள். "இது பி.எம்.பி.ஓ. கணக்கு அம்மா, ஒரு கணத்து உச்சம்தான். தொடர்ந்து தரும் வலுவை ஆர்.எம்.எஸ். கணக்கில்தான் பார்க்க வேணும். எங்கட சின்ன அறைக்கு இரண்டு பெட்டி போதும்."

அதே காசுக்குள் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களைப் போட்டார்கள். சல்லரிச் சத்தத்துக்கு நடுவே அண்ணனின் குரல் தனியாக எழுந்தது. அடி முடிவில் அவர் மூச்சு வாங்குவதும் கேட்டது. நான் விலை பேசவில்லை.

சகோதரிகளே, கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்டு ஸ்பீக்கர் வாங்காதீர்கள். நீங்கள் கேட்க விரும்பும் குரலைக் கையோடு கொண்டுபோங்கள்.