நிழல் குட்டையாகறதுக்குள்ள

பர் துபாயில் மீனா பஜார் பக்கம் எங்க வீடு. காலையில் இறங்கினா ஜவுளிக்கடை ஷட்டர் எல்லாம் மூடியிருக்கும், கஃபெட்டேரியாவில் மட்டும் கரக் டீ கொதிக்கும். அங்கிருந்து அல் ஃபஹீதி பழைய தெருக்கள் வழியா க்ரீக் கரைக்கு வந்து, அல் சீஃப் நடைபாதையில் கடைசி வரை ஓடித் திரும்பறது என் வழக்கம். போகும்போது சூரியன் நேரா முகத்தில் அடிக்கும். இடதுபக்கம் ஒரு திர்ஹாம் ஆப்ராக்கள் தேராவுக்குப் போய்க்கிட்டிருக்கும். நாள் முழுக்க ஸ்கிரீனைப் பார்க்கிற எனக்கு அந்த முக்கால் மணி நேரம்தான் சொந்த நேரம்.

போன வருஷம் ஏப்ரலில் அதுக்கும் ஆபத்து வந்தது. மகளை ஏழு மணிக்கு ஸ்கூல் பஸ்ஸில் ஏத்திட்டு, சன்ஸ்கிரீன் பூசிக்கிட்டு ஓடுவேன். ஒரு வாரத்தில் முகம், கழுத்து, முன்கை எல்லாம் சிவந்து தடிச்சு ஒரே அரிப்பு. வேர்க்குருன்னு நினைச்சு கலமைன் தடவினேன். அடங்கலை. வேற கம்பெனி சன்ஸ்கிரீன் வாங்கினேன். இன்னும் மோசம்.

அன்னைக்கு வீடியோ காலில் அம்மா, நாகர்கோவிலில் இருந்து, "என்ன மக்ளே, இப்படிக் கறுத்துப் போயிட்ட? இந்த ஓட்டம் எல்லாம் தேவையா?"ன்னு கேட்டாங்க. தடிப்பு அவங்க கண்ணில் படலை, நிறம்தான் பட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் எட்டு வயசு மகள் தன் கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கிட்டா. அந்தப் பார்வை எனக்கு அரிப்பைவிட அதிகமா உறுத்துச்சு.

தோல் டாக்டர் என் கைக்கடிகாரத்தைக் கழட்டச் சொன்னார். பட்டைக்கு அடியில் மட்டும் தோல் சுத்தமா இருந்தது. "இங்கேயும் கிரீம் பூசினீங்களா?" ஆமா, பூசிட்டுத்தான் வாட்ச் கட்டுவேன். "தாடைக்கு அடியில் ஒண்ணும் இல்லையே, அங்கே?" அங்கேயும் பூசுவேன். "அப்போ கிரீம் மட்டும் காரணமில்லை. கிரீமும் வெயிலும் சேர்ந்தாத்தான் உங்களுக்கு வருது"ன்னார்.

அடுத்த கேள்விதான் எதிர்பாராதது. "வலிக்கு ஏதாவது ஜெல் தடவுறீங்களா?" டிசம்பர் லீவில் ஊருக்குப் போனப்போ முட்டி வலிக்குன்னு ஒரு ஜெல் வாங்கித் தடவினேன். சங்குத்துறை கடற்கரையில் ஷார்ட்ஸோட நடந்த அன்னைக்கு முட்டியில் திட்டுத்திட்டாத் தடிச்சதும் ஞாபகம் வந்தது. ட்யூபை எடுத்துப் பார்த்தா கீட்டோப்ரோஃபென்.

எஞ்சினியர் மூளைக்குப் புரியற மாதிரி டாக்டர் விளக்கினார். கீட்டோப்ரோஃபென் வெயில் பட்டா சிலருக்கு அலர்ஜியைக் கிளப்பும். ஒருதடவை அந்த அலர்ஜி வந்துட்டா, பல சன்ஸ்கிரீன்களில் இருக்கிற ஆக்டோக்ரைலீன், ஆக்சிபென்சோன் ரெண்டுக்கும் அதே மாதிரி தோல் எதிர்வினை காட்டலாம். 2010-லேயே ஐரோப்பிய மருந்து முகமை இந்த ஜெல்லை ஆராய்ஞ்சு, டாக்டர் சீட்டு இருந்தாத்தான் தரணும்னு சொல்லியிருக்கு. தடவுற நாட்களிலும், நிறுத்தின பிறகு ரெண்டு வாரமும் அந்த இடத்தில் வெயில் படக் கூடாது. அப்புறம் முதுகில் ஒவ்வொரு பொருளையும் ரெண்டு ரெண்டா ஒட்டி, ஒரு வரிசைக்கு மட்டும் புற ஊதா ஒளி காட்டிப் பார்த்தாங்க. ஒளி பட்ட வரிசையில் கீட்டோப்ரோஃபெனும் ஆக்டோக்ரைலீனும் சிவந்தது. நான் மாத்தி வாங்கின ரெண்டாவது ட்யூபிலும் ஆக்டோக்ரைலீன்தான். கம்பெனியை மாத்தினேனே தவிர, பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்கலை.

எல்லாருக்கும் இதே கதைன்னு நினைச்சுடாதீங்க. வேர்வையோட வழிஞ்சு கண் எரியறது பெரும்பாலும் வெறும் எரிச்சல்தான். கெட்டியான கிரீமுக்கு அடியில் பொரிப்பொரியா வர்றது வேர்க்குருவா இருக்கலாம். வாசனைப் பொருளும் கெட்டுப்போகாம இருக்கச் சேர்க்கிற ரசாயனமும்கூடச் சிலருக்கு ஒத்துக்காது. புது ட்யூபை முழங்கையின் உள்பக்கம் ஒரு வாரம் தடவிப் பார்க்கிறது நல்ல பழக்கம். ஆனா வெயில் படாத இடத்தில் தடவினா என்னை மாதிரி ஆட்களுக்கு ஒண்ணும் தெரியாது. தடிப்பு திரும்பத் திரும்ப வந்தா டாக்டர்கிட்ட போயிடுங்க. உதடு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ நேரா எமர்ஜென்சிதான்.

தோல் ஆறும் வரை முகத்தில் எதுவும் பூசக் கூடாதுன்னாங்க. அப்போ ஓடறது எப்படி? பதில் நான் தினமும் கடந்து போன தெருவிலேயே இருந்தது. அல் ஃபஹீதியில் சிக்கான்னு சொல்ற சந்துகள் ரெண்டு பேர் ஒட்டி நடக்கிற அகலம்தான். பவளக் கல்லும் ஜிப்சமும் வச்சுக் கட்டின உயரமான சுவர்கள், மேலே பார்ஜீல் என்கிற காற்றுக் கோபுரங்கள். பாரசீகக் கரையிலிருந்து வந்த வியாபாரிகள் குடியேறி வளர்ந்த இடம் இது. நிழல் விழணும்னே தெருவை ஒடுக்கியிருக்காங்க. ஆப்ரா ஓட்டுறவர் தலையில் துணி சுத்தியிருக்கார். ரோடு வேலைக்காரர் கண் மட்டும் தெரியற மாதிரி முகத்தை மூடியிருக்கார். அவர்களுக்காகத்தான் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30-லிருந்து 3 மணி வரை வெட்டவெளி வேலைக்கு இங்கே தடை. நிழல், துணி, நேரம் இந்த மூணும் முதலில். கிரீம் நாலாவது. நான் நாலாவதை மட்டும் நம்பியிருந்தேன்.

இப்போ கணவர் மகளை பஸ் ஏத்தறார், நான் ஐந்தரைக்கே கிளம்பிடறேன். முழுக்கை சட்டை, தொப்பி. முகத்துக்கு ஜிங்க் ஆக்ஸைடு மட்டும் உள்ள கிரீம். இந்த வகை தோலுக்கு அலர்ஜி தர்றது மிக அபூர்வம். ஆனா நம்ம நிறத்தில் விபூதி பூசின மாதிரி தெரியும், அதனால அயர்ன் ஆக்ஸைடு கலந்த பழுப்பு நிறம் வாங்கறேன். முட்டிக்கு ஜெல்லை விட்டுட்டுப் பிசியோதெரபி.

வெள்ளி சாயங்காலமும் சனி காலையும் மகளும் கூட வர்றா. "எதுக்கும்மா கிரீம்? கறுக்காம இருக்கவா?"ன்னு ஒருநாள் கேட்டா. உடனே பதில் சொல்ல முடியலை. பல வருஷம் நான் பூசினதே அதுக்குத்தான், சூட்டுக்கோ புற்றுநோய்க்கோ பயந்து இல்லை. "தோல் வேகாம இருக்க. நிறம் அதுபாட்டுக்கு இருக்கும், நல்லாத்தான் இருக்கு"ன்னேன். அடுத்த காலில் இதையே அவ ஆச்சிகிட்ட சொன்னா. அம்மா கொஞ்சம் பேசாம இருந்துட்டு, "சரி, தொப்பி போட்டுக்கோ"ன்னாங்க.

அவளுக்கு ஒரு விதி சொல்லிக் கொடுத்திருக்கேன்: உன் நிழல் உன்னைவிடக் குட்டையானா வெயில் கடுமையாயிடுச்சுன்னு அர்த்தம். மே மாசம் இங்கே ஒன்பது மணி வாக்கில் அது நடக்குது. போன சனிக்கிழமை அல் சீஃபில் நின்னு அளந்து பார்த்துட்டு அவளே சொன்னா: "அம்மா, குட்டையாகப் போகுது. வா, சிக்கா வழியா வீட்டுக்குப் போலாம்."